மூணு கோட்டு வார்னிஷ்

பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்ணைத் தேடுவதில்லை. எங்கே உட்காருவது என்றுதான் தேடுகிறார்கள். உட்கார இடம் கிடைத்த பிறகுதான் மூக்கு, நிறம், உயரமெல்லாம். இந்த உண்மையை நான் கண்டுபிடித்தது தொண்ணூற்றொன்றில், தண்டலத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில்.

அப்போது எங்கள் வீட்டில் உட்காருவதற்கு என்று இருந்தது ஒரு மடக்கு இரும்பு நாற்காலியும் இரண்டு பாய்களும்தான். முதலில் என்னைப் பார்க்க வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முட்டிவலி. பாயில் உட்கார முடியாது. நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா சுவரில் சாய்ந்து நின்றபடியே என்னைப் பார்த்தார், நின்றபடியே காபி குடித்தார், கிளம்பிப் போனார். பதில் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலிகள் இரவல் வாங்கினாள். நாற்காலிகளோடு பக்கத்து வீட்டு அக்காவும் வந்துவிட்டார். (நாற்காலி என்னுது, நான் வரக்கூடாதா என்பது அவருடைய நியாயம்.) வந்தவர் சும்மா இருக்கவில்லை. எனக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததாகவும், இப்போது சுத்தமாகக் குணமாகிவிட்டதாகவும், கவலையே பட வேண்டாம் என்றும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு வலிப்பே வந்ததில்லை. வந்தது அவருடைய தங்கைக்கு. அங்கிருந்தும் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா ராத்திரியில் பெருமூச்சு விட ஆரம்பித்தாள். அப்பா சவரம் செய்துகொள்ளும்போது மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். எனக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது "கஸ்தூரி" என்று கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போலக் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனிக்குப் புது மிஷின் வந்தது.

நான் ஸ்ரீபெரும்புதூரில் சுவிட்சு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். மிஷின் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டியில் வந்து இறங்கியது. சூப்பர்வைசர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் மிஷினைச் சுற்றி நின்றார்கள். நான் பெட்டியைச் சுற்றி வந்தேன். நம் ஊர் பழப்பெட்டி மாதிரி சிலும்பு சிலும்பாக இல்லாமல், வெளுப்பாக, அகலமாக, முகர்ந்தால் நல்ல வாசனையோடு இருந்தன அந்தப் பலகைகள். சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன்.

"இத்த எட்த்துனு போயி இன்னா பண்ணப் போற? அடுப்புக்கா?"

"பெஞ்சு செய்யப் போறேன் சார்."

"யார வச்சி?"

"நானேதான்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. கவலையோடு பார்த்தார். ஆனாலும் கம்பெனி டெம்போவில் பலகைகளை ஏற்றி அனுப்பிவைத்தார்.

எனக்கு இந்தத் தைரியத்தைக் கொடுத்தது ஒரு வாரப் பத்திரிகை. அதில் 'வீட்டிலேயே செய்யலாம்' என்று ஒரு பக்கம் வரும். ஒரு படத்தில் பலகை, அடுத்த படத்தில் ஆணி, மூன்றாவது படத்தில் முழு அலமாரியின் பக்கத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அந்தப் பத்திரிகை கடைசிவரை சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்து நான் ஏற்கெனவே ஒரு பலகைத்தட்டு செய்து அடுப்பங்கரைச் சுவரில் அடித்திருந்தேன். ஊறுகாய் ஜாடி வைப்பதற்கு. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கொஞ்சம்தான். ஜாடியை வலது ஓரத்தில் வைத்தால் அம்மா சாதம் வடித்து முடிப்பதற்குள் அது நடந்து இடது ஓரத்துக்கு வந்துவிடும். அம்மா அதற்கும் பழகிக்கொண்டு, ஜாடியை வலது பக்கம் வைப்பாள், இடது பக்கம் போய் எடுத்துக்கொள்வாள்.

பெஞ்சு வேலை புழக்கடையில் தொடங்கியது. அப்பாவின் ரம்பம் ஒன்று, சுத்தியல் ஒன்று, முனை மழுங்கிய உளி ஒன்று. ரம்பம் நான் போட்ட கோட்டில் மட்டும் போகாது. மற்ற எல்லா இடத்துக்கும் போகும். கால்களைப் பொருத்தும்போது ஆட்டம் கண்டது. எனக்கு ஆட்டம் என்றாலே பயம். அதனால் ஆடுகிற இடத்தில் ஒரு ஆணி, அதற்குத் துணையாக இன்னொரு ஆணி, இரண்டும் போதுமா என்ற சந்தேகத்துக்கு மூன்றாவதாக ஒன்று என்று அடித்துக்கொண்டே போனேன். ஒரு நாள் கடைசி ஆணியை அடித்துவிட்டுப் பெருமையாக எழுந்தால் எழ முடியவில்லை. புடவை முந்தானையையும் சேர்த்து அடித்திருந்தேன். அப்பா வந்து ஆணியைப் பிடுங்கி விடுதலை செய்தார்.

"மரத்தவிட ஆணி ஜாஸ்தியா கீதே கஸ்தூரி" என்றார்.

"ஸ்ட்ராங்கா இருக்கணும்பா."

"அது சரி. காந்தம் வச்சா பெஞ்சே வந்துரும் போலகீது."

அம்மா அந்தப் பக்கம் வந்தாலே முணுமுணுப்பாள். "வயசுப் பொண்ணு கைல சுத்திய வச்சினு நிக்குது. யாரானா பாத்தா இன்னா நெனைப்பாங்க? ஒரு கோலம் போட்டாலும் பிரயோசனம் உண்டு."

ஆனால் பெஞ்சு நின்றது. உண்மையாகவே நான்கு காலும் தரையைத் தொட்டு நின்றது. ஒரே ஒரு குறைதான். உட்காரும் பலகையில் கம்பெனிப் பெட்டியின் அடையாளங்கள் கறுப்பு மையில் அச்சாகி இருந்தன. ஒரு பக்கம் ஒரு குடை. மழையில் நனைக்காதே என்று அர்த்தம். இன்னொரு பக்கம் ஒரு கண்ணாடிக் கோப்பை. உடைகிற சாமான், பார்த்துத் தூக்கு என்று அர்த்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கைதான் வழவழப்பானது. குடை போகவில்லை.

சம்பந்தம் பேச வருகிறவர்களைக் குடையின் மேலும் கோப்பையின் மேலும் உட்கார வைப்பதா? கெட்டியாக வார்னிஷ் அடித்தால் மறைந்துவிடும் என்று தோன்றியது. கடையில் கரும்பழுப்பு வார்னிஷ் வாங்கி வந்தேன். டர்பன்டைன் கலந்து அடிக்கச் சொல்லியிருந்தது பத்திரிகை. கடையில் டர்பன்டைன் தீர்ந்துவிட்டது. வீட்டில் கெரசின் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். இரண்டும் மூக்கைப் பிடிக்கும் வாசனைதான், சொந்தக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து கெரசினை ஊற்றிக் கலக்கினேன். (என் அறிவியல் அறிவு அவ்வளவுதான். பத்தாவதில் அந்தப் பாடத்தில் பாஸ் போட்டவர்மேல் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.)

ஒரு கோட்டு அடித்தேன். குடை தெரிந்தது. அடுத்த கோட்டு அடித்தேன். இன்னும் தெரிந்தது. மூன்றாவது கோட்டைத் தாராளமாக, அல்வா தடவுகிற மாதிரி தடவினேன். குடை மறைந்தது. பெஞ்சு வெல்லப்பாகு கலரில் பளபளவென்று, பத்திரிகையில் பார்த்த மாதிரியே நின்றது. நான்கூட அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்று பார்த்தேன். முதல் கோட்டு காய்ந்த பிறகுதான் இரண்டாவது அடிக்க வேண்டும் என்ற சின்ன விஷயம் எனக்குத் தெரியாது. ஐப்பசி மாதம் வார்னிஷ் அடிக்கிற மாதமே இல்லை என்பதும் தெரியாது.

மூன்றாவதாக என்னைப் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரம் வருவதாகத்தான் பேச்சு. அதற்குள் காய்ந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் படப்பையிலிருந்து, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த என் அத்தை பஸ் பிடித்து, நனைந்துகொண்டு வந்து நின்றார்.

"நாளைக்கே வராங்களாம். பையனுக்கு அடுத்த வாரம் நைட் ஷிப்டாம். காலைல பத்து மணிக்கு ரெடியா இருங்க."

என் கால் இரண்டும் தரையோடு ஆணி அடித்த மாதிரி ஆகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்ப் பெஞ்சின் மேல் விரலை வைத்தேன். ஒட்டவில்லை. கடவுளே என்று மூச்சு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பழைய செய்தித்தாளை வைத்து அழுத்தி எடுத்தேன். பேப்பர் வந்தது. செய்தி பெஞ்சிலேயே தங்கிவிட்டது, எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறி. மேலே தோல் மட்டும்தான் காய்ந்திருக்கிறது, உள்ளே அப்படியே பச்சையாக இருக்கிறது என்று அப்போது புரிந்தது. அச்சைத் துணியால் தேய்த்துத் துடைத்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. விசிறியை எடுத்து வீசினேன். அரிக்கேன் விளக்கை ஏற்றிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். அம்மா வந்து பார்த்து, "வூட்டக் கொளுத்தப் பாக்கறியா?" என்று விளக்கைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

"அம்மா, பெஞ்சு வேணாம்மா. வேற எதுனா..."

"இப்ப வந்து வேணாமா? பத்து நாளா தட்டித் தட்டி என் காதப் பஞ்சர் பண்ணிட்டு? அப்ப எதுல உக்கார வைக்கறதாம்? மறுபடியும் பக்கத்து வூட்டுல போயி நிக்கச் சொல்றியா?"

வலிப்பு ஞாபகம் வந்தது. ஒரே வழிதான் இருந்தது. கெட்டியான போர்வை ஒன்றை நான்காக மடித்துப் பெஞ்சின் மேல் விரித்தேன். ஒட்டினால் போர்வைதான் ஒட்டும், மனிதர்கள் தப்பித்துவிடுவார்கள். அந்தக் காலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதுவும் அம்மாவைத் தாண்டவில்லை.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை சேகர், மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அவருடைய அப்பா ஏகாம்பரம், பஸ் டிரைவர், முகத்தில் எப்போதும் எதிரே லாரி வருகிற மாதிரி ஒரு கடுகடுப்பு. சேகரின் அம்மா. பிறகு அம்மாவின் தம்பி கோதண்டம், சேகரின் தாய்மாமன். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எந்தச் சம்பந்தத்திலும் ஒருவர் குறை கண்டுபிடிப்பதற்கென்றே வருவார் அல்லவா, அவர் இவர்தான் என்று ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே தெரிந்தது.

அடுப்பங்கரையில் நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன். அப்பாவின் குரல்: "வாங்க, வாங்க, இப்டி பெஞ்சுல உக்காருங்க."

அடுத்தது அம்மாவின் குரல்: "தோ, இருங்க. இந்தப் போர்வய எட்த்துடறேன். புது பெஞ்சுங்க. நல்லாத் தெரியட்டும்."

என் கையிலிருந்த கரண்டி பால் பாத்திரத்துக்குள் விழுந்தது. பத்து நாளாக அந்தப் பெஞ்சைக் கரித்துக்கொட்டிய அம்மா, அந்த ஒரு நிமிடத்தில்தான் அதைப் பற்றிப் பெருமைப்பட முடிவு செய்திருந்தாள். பெஞ்சு இரண்டு முறை முனகியது. இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓடிப்போய் "எழுந்திருங்க" என்று கத்தினால் வலிப்பு என்பார்கள். கத்தாவிட்டால் வார்னிஷ் இறுகும். இந்த இரண்டுக்கும் நடுவில் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

நாற்காலியில் சேகர். பாயில் அவர் அம்மா. பெஞ்சில் ஏகாம்பரமும் கோதண்டமும். நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, வேட்டியும் பலகையும் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தல நிமிரல பாரு. நல்ல அடக்கமான பொண்ணு" என்றார் சேகரின் அம்மா.

அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு வியர்த்தது. கோதண்டம் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "புது பெஞ்சா? எங்க வாங்கனது?"

"வாங்கலீங்க" என்றாள் அம்மா. "எம் பொண்ணே கையால செஞ்சது. ரம்பம் போட்டு அறுத்து, ஆணி அடிச்சி, எல்லாம் அவளே."

கோதண்டம் கோப்பையை இறக்கினார். தேடி வந்தது கிடைத்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"பொண்ணு சுத்தி புடிக்குமா? இன்னாங்க இது? எங்க வூட்டு மருமவ கரண்டி புடிச்சா போதும். நாளைக்கு புருஷன் எதுனா ஒண்ணு சொன்னா, சுத்திய எட்த்துனு வந்துருமா?"

அப்பா சாதாரணமாகக் கோபப்பட மாட்டார். அன்று பட்டார். "எம் பொண்ணு வேலைக்குப் போவுது, வூட்டு வேலையும் செய்யுது, பெஞ்சும் செய்யுது. அதுல இன்னா கொற கண்டுட்டீங்க? கரண்டி மட்டும் புடிக்கற பொண்ணு வேணும்னா வேற எடம் பாத்துக்கங்க."

"பாத்தீங்களா மாமா, பேச்ச?" கோதண்டம் ஏகாம்பரத்தைப் பார்த்தார். "இதுக்கு மேல இங்க இன்னா வேல? எழுந்துருங்க, போலாம்!"

சொல்லிவிட்டு விறுட்டென்று எழுந்தார். அதாவது, அவர் எழுந்தார். வேட்டி எழவில்லை.

கோணிப்பையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். இடுப்பு முடிச்சு நெகிழ்ந்தது. கோதண்டம் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று மறுபடியும் உட்கார்ந்தார். பக்கத்தில் ஏகாம்பரம் ஒரு அங்குலம் எழுந்து பார்த்தார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்து அது பிடிக்காவிட்டால் ஒரு டிரைவரின் முகம் எப்படி மாறுமோ, அப்படி மாறியது. மெதுவாக அந்த ஒரு அங்குலத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இதற்குள் சேகரின் அம்மா எழுந்து வாசல்வரை போய்விட்டார். திரும்பிப் பார்த்தார்.

"இன்னாங்க இது? போலாம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் குந்திகினே கீறீங்க?"

"இரு" என்றார் ஏகாம்பரம். "இன்னா அவசரம் மச்சான்? வந்த எடத்துல நாலு வார்த்த பேசிட்டுப் போலாம்."

"ஆமா" என்றார் கோதண்டம், இடுப்பை விடாமல். "நா சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

கோபத்தில் இருந்த அப்பாவுக்கு இந்தத் திடீர்ச் சமாதானம் புரியவில்லை. அம்மாவோ அப்பாவின் பேச்சு ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு தட்டு பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் மறுக்காமல் சாப்பிட்டார்கள். எனக்கு மயக்கம் வரும்போல இருந்தது. வந்தால் அதையும் வலிப்பு என்பார்களே என்ற பயத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சேகர் நாற்காலியிலிருந்து எழுந்தார். வந்ததிலிருந்தே அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். ஜலதோஷம் என்று நினைத்தேன். நேராகப் பெஞ்சிடம் போய், குனிந்து, பலகையின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இதுதான்:

"எத்தன கோட்டு?"

"மூணு."

"ஒண்ணு காஞ்ச பின்னாடி ஒண்ணா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எதுல கலக்கினீங்க?"

"கெரசின்ல."

சாவுச் செய்தி கேட்டவரைப் போலக் கண்ணை மூடித் திறந்தார். அவர் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்ப்பதாக அத்தை எங்களிடம் சொல்லவே இல்லை.

"அப்பா, எழுந்துக்காதீங்க. மாமா, நீங்களும் அசையாதீங்க" என்றார் சேகர். "வார்னிஷ் காயல. ஒட்டிக்கினு கீது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது கூட்டமும் போனது என்று நான் மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டேன். இனிமேல் சுத்தியலைத் தொடுவதில்லை, உளியைத் தொடுவதில்லை, ஊறுகாய் ஜாடி தரையிலேயே இருக்கட்டும் என்று சபதம்கூட எடுத்துவிட்டேன்.

அப்பாதான் முதலில் சுதாரித்தார். உள்ளே போய்த் தன்னுடைய கட்டம் போட்ட கைலிகள் இரண்டைக் கொண்டுவந்தார். பெண்கள் அத்தனை பேரையும் அடுப்பங்கரைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தங்களை நான் விவரிக்கப் போவதில்லை. "இழு... மெதுவா... ஐயோ, அது வேட்டி இல்ல, தோலு" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

கதவு திறந்தபோது இரண்டு பெரியவர்களும் கைலியில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முட்டிவலி எதுவும் இல்லை. அப்பா குள்ளம் என்பதால் கோதண்டத்துக்குக் கைலி கணுக்காலுக்கு ரொம்ப மேலேயே நின்றது. கட்டம் போட்ட இரவல் கைலியில் ஒரு மனிதரால் கெத்து காட்ட முடியாது. அவர் முயற்சி செய்யக்கூட இல்லை.

வேட்டிகளைப் பெஞ்சிலிருந்து பிரித்து எடுத்தபோதுதான் அடுத்த இடி. கெரசின் அந்தக் கறுப்பு மையையும் கரைத்திருந்தது. ஏகாம்பரத்தின் வேட்டியில், சரியாக உட்காரும் இடத்தில், ஒரு குடை. கோதண்டத்தின் வேட்டியில் ஒரு கண்ணாடிக் கோப்பை. சேகர் அதை விரித்துப் பிடித்துப் பார்த்தார். கம்பெனிக்கு வரும் பெட்டிகளில் அவர் தினமும் பார்க்கிற அடையாளம்தானே.

"மாமாவுக்கு கரெக்டாத்தான் வந்து கீது" என்றார் மெதுவாக. "சீக்கிரம் ஒடையற ஆளு."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆனால் அன்று முதல் முறையாக அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

"கெரசின் மீதி கீதா?" என்று கேட்டார். "கொண்டாங்க. இதுக்குத்தான் அது லாயக்கு."

புழக்கடையில் கூரைக்கு அடியில் நானும் அவரும் ஆளுக்கொரு வேட்டியை வைத்துக்கொண்டு கெரசினில் நனைத்துத் தேய்த்தோம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தோய்க்கிற கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டி கசக்குவதை அம்மா கதவிடுக்கில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். குடை கொஞ்சம் வெளுத்தது. கோப்பை அசையவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். அதைத் தவிர எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. "பெஞ்சு செய்யவே தெரியல எனக்கு."

"வார்னிஷ்தான் தெரியல" என்றார் அவர், வேட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க மாமா அந்த இழு இழுத்தாரே, பெஞ்சு ஆடிச்சா? பாத்தீங்களா? ஒரு காலு அசையல. நா நல்லாப் பாத்தேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கெரசின் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த மரத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டுக்கு அதுவரை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

கூடத்துக்குத் திரும்பினோம். மழை வலுத்திருந்தது. வேட்டி காயாமல் அவர்களால் போக முடியாது. அம்மா உலை வைத்துவிட்டாள். அப்பாவும் ஏகாம்பரமும் கைலிக்குக் கைலி சமமாகப் பாயில் உட்கார்ந்து, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் எந்தப் பள்ளம் முதலில் வந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஏகாம்பரம் நிறுத்தினார்.

"இங்க வாம்மா."

போய் நின்றேன். இந்தத் தடவை நிஜமாகவே தலை குனிந்துதான் நின்றேன்.

"நீ நல்ல பொண்ணாத்தான் தெரியற. ஆனா இந்த சுத்தி, ரம்பம் எல்லாம் இன்னாத்துக்கு? இனிமே இந்த வேல வேணாமே. இன்னா சொல்ற?"

அம்மா பின்னாலிருந்து 'சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு' என்று மூச்சிலேயே ஜபித்தாள். சரி என்றுதான் நானும் வாயைத் திறந்தேன். சபதம்கூட எடுத்திருந்தேனே. ஆனால் 'ஒரு காலு அசையல' என்பது காதிலேயே நின்றுகொண்டிருந்தது. வாயிலிருந்து வேறு ஏதோ வந்துவிட்டது.

"அடுத்த தடவ டர்பன்டைன் ஊத்திடறேன் மாமா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அதுவரை அவரை "சார்" என்றுகூட நான் கூப்பிட்டிருக்கவில்லை. யாரும் முடிவு சொல்வதற்கு முன்னால் நானே அவரை மாமனார் ஆக்கிவிட்டேன். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"இன்னாது?" என்றார் ஏகாம்பரம்.

பாயில் உட்கார்ந்தபடியே காதை என் பக்கம் திருப்பினார்.

"இன்னான்னு கூப்ட்ட?"

"மாமான்னு..." என்றேன், கிணற்றுக்குள்ளிருந்து.

அந்தக் கடுகடுத்த முகம் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு இன்னொரு பக்கமும் கோணியது. அது சிரிப்பு என்று புரிவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அப்பாவின் கைலி அவிழப் பார்த்தது. பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். சேகரின் அம்மா சிரித்தார். அப்பா சிரித்தார். கடைசியில் கோதண்டத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார்.

"மாமான்னு கூப்ட்டாச்சு. வேட்டிய வாங்கி வச்சிக்கினாச்சு. இனிமே நா இன்னாத்த சொல்றது?" என்றார். "உப்பு கொஞ்சம் கம்மி. அது மட்டும்தான் கொற."

தை மாதம் கல்யாணம் நடந்தது. கோதண்டம் மாமாவுக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தோம். கோப்பை போட்ட பழையதை மட்டும் அவர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டில் தகராறு வரும்போதெல்லாம் அதைக் கட்டிக்கொண்டு உட்காருவாராம். என் மாமனாரைப் பொறுத்தவரை, அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும், கல்யாண மண்டபமோ ஆஸ்பத்திரியோ, உட்காருவதற்கு முன்னால் இருக்கையைக் கையால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். யாராவது ஏன் என்று கேட்டுவிட்டால் போச்சு. முழுக் கதையும் சொல்லித்தான் விடுவார். ஒவ்வொரு தடவையும் பெஞ்சு கொஞ்சம் நீளும், வார்னிஷில் ஒரு கோட்டு கூடும்.

போன வருடம் என் மகளைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒரகடத்தில் வேலை பார்க்கிற பையன், நல்ல குடும்பம். படப்பையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது நல்ல சோபா இருக்கிறது. மரம் என் கை, மெத்தை கடை. வார்னிஷ் காய்ந்து ஆறு வருடம் ஆகிறது. உட்காருங்கள், உட்காருங்கள் என்று நானும் என் வீட்டுக்காரரும் உபசரித்துக்கொண்டிருக்கும்போது, மாமனார் உள்ளேயிருந்து தடி ஊன்றி வந்தார். சோபாவை ஒரு தட்டு தட்டினார். பையனின் அப்பா சிரித்துக்கொண்டே, "இன்னா தாத்தா, எதுக்குத் தட்றீங்க?" என்று கேட்டுவிட்டார்.

நான் கண்ணைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் இருமினார். மாமனார் எதையும் கவனிக்கவில்லை. குடை, கோப்பை, கைலி, ஒன்றையும் விடாமல் நடித்தே காட்டினார். "இந்தப் பொண்ணுதான், தோ நிக்குதே, இதுதான் அந்த பெஞ்சு செஞ்சது. இந்த சோபாவும் இதோட கைதான்" என்று முடித்தார்.

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் அசடு வழியக் காபி எடுத்துவர உள்ளே போனேன். மகள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள் மெதுவாக, "கதை முடிஞ்சிருச்சு. ஆனா ஒருத்தரும் இன்னும் உக்காரலம்மா."